டி டிரைவைத் திறந்துவைத்த பாய்

லாரிக்குள் ஏறுவதற்கு முன்னால் ஷுக்கூர் பாய் செருப்பைக் கழற்றிவிடுகிறார். கீழே மழைச் சகதியானாலும் சரி, தார் கொதிக்கிற வெயிலானாலும் சரி, அந்த ரப்பர் செருப்பு இரண்டும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக நிற்கும். "பரவால்ல, ஏறுங்க பாய். லாரிதானே!" என்று சொல்லிச் சொல்லி டிரைவர்கள் அலுத்துப்போனார்கள். "சாமி படம் வெச்சிருக்கீங்க, படுக்க மெத்த போட்டிருக்கீங்க, சோறாக்க அடுப்பு வெச்சிருக்கீங்க. வூட்டுக்குள்ள எவனாவது செருப்போட வருவானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார். போனவர் உடனே ஸ்பீக்கரைப் பாடவிட்டுப் பார்க்கமாட்டார். அதன்மேல் காதை வைத்து, விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டி, "தண்ணி எறங்கியிருக்குது" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும்.

இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு சுருள் கறுப்பு இன்சுலேஷன் டேப். மூக்கின்மேல் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. தேடுவதோ எப்போதும் மூன்றாவது ஒன்றை. ஒயரைச் சீவ ஆயுதம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. ஆனாலும் பல்லால்தான் சீவுவார். முன்பல் ஒன்றில் அதற்கென்றே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. மனைவி ஜான் பீ இதற்குத் திட்டாத நாள் கிடையாது. அந்த வீட்டில் இருவரும் உருதில்தான் பேசிக்கொள்வார்கள். கோபம் வந்தால் மட்டும் அந்த அம்மாள் தமிழுக்கு மாறிவிடுவார். "பல்லு போச்சுன்னா கறி எப்டித் திம்பீங்க? கஞ்சிதான் ஊத்துவன், சொல்லிட்டன்!" தமிழ் காதில் விழுந்ததும் பாய் கப்சிப்.

தொப்பூர் கணவாயில், சேலம் பக்கம் இறங்குகிற லாரிகள் ஓரம் கட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது அவருடைய தகரக்கொட்டகைக் கடை. பிரேக் பார்க்க நிறுத்துகிறவர்கள், புரோட்டா சாப்பிட நிறுத்துகிறவர்கள், இறக்கத்தை நினைத்து ஒரு பீடி பிடிக்க நிறுத்துகிறவர்கள் என்று எல்லோரும் கடைசியில் இவர் கடைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஹெட்லைட், ஹாரன், பாட்டுப்பெட்டி எல்லாம் பாய் பார்ப்பார். பென் டிரைவில் பாட்டும் படமும் ஏற்றித் தருவார். ஓசூர் தாண்டி வருகிறவரிடம் கன்னடம், விஜயவாடா வண்டியென்றால் தெலுங்கு. இரண்டும் கொஞ்சம் நொண்டும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

அவர் ஏற்றித் தருகிற எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் முதலில் பாட்டு வராது. பாய்தான் வருவார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எண்ணா, எறக்கம் வருதுங்க. டீசலுக்கு ஆசப்பட்டு நியூட்டல்ல வுட்றாதீங்க. கியர்லயே எறங்குங்க. வூட்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. அதற்கப்புறம்தான் பாட்டு. இதை அழிக்கவும் முடியாதபடி என்னவோ செய்து வைத்திருக்கிறார். ஒருமுறை ஒரு டிரைவர் போனில் சண்டைக்கே வந்துவிட்டார். "நாக்பூர்ல சமதரையா ரோடு போவுது பாய். வண்டிய ஸ்டார்ட் பண்றப்பல்லாம் எறக்கம் வருது, எறக்கம் வருதுன்னு உசிர வாங்கறீங்க!" பாய் நிதானமாகச் சொன்னார்: "கேட்டுக்கங்க, காசா கேட்டன்?"

இவருக்கு ஒரு வியாதி உண்டு. யாரிடமாவது ஒன்று வாங்கிவிட்டால் திருப்பி ஏதாவது கொடுக்காமல் தூக்கம் வராது. பக்கத்துப் புரோட்டா கடைக்காரர் மாது, டீ கொடுத்தனுப்புவார். டம்ளர் வெறுமனே திரும்பிப் போன சரித்திரம் இல்லை. ஒரு நாள் அதில் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும், ஒரு நாள் கறிவேப்பிலை, ஒன்றும் கிடைக்காத நாளில் ஒரு ஃபியூஸ். "ஃபியூஸ வெச்சு நான் சால்னாவா பண்றது பாய்?" என்று மாது தலையில் அடித்துக்கொள்வார். ரம்ஜான் மாதத்தில் ஜான் பீ தெருவெங்கும் கஞ்சி கொடுத்தனுப்புவதும், அந்தத் தூக்குகள் தீபாவளிக்கு முறுக்கோடு திரும்பி வருவதும் ஊரில் வழக்கம்தான். பாய் அதை எட்டூருக்கு நீட்டிவிட்டார், அவ்வளவுதான். "வெறும் ஏனத்த எப்டிங்க திருப்பிக் குடுக்கறது? கை கூசாது?" என்பார்.

இந்த மனிதருக்குத்தான் அந்த மென்பொருள் கிடைத்தது. விஜயவாடா டிரைவர் ஒருவர், டயர் மாற்றுகிற நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். எங்கேயோ இருக்கிற, முகமே தெரியாத நூறு பேருடைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு படத்தைத் துண்டு துண்டாக இழுத்து இங்கே ஒட்டிக் கொடுக்கும். இழுத்த துண்டைச் சும்மா வைத்திருக்காமல், கேட்கிற அடுத்தவனுக்கு அப்போதே கொடுக்கவும் செய்யும். பாய்க்குப் புல்லரித்துப் போயிற்று. கடையும் கிடையாது, முதலாளியும் கிடையாது, நீ எனக்குத் தா, நான் அவனுக்குத் தருகிறேன்! உலகம் பூராவும் தன்னைப் போலவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு ராத்திரி ஜான் பீயிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வேண்டிய படம் வந்து சேர்ந்ததும் விவரமான ஆட்கள் அதை மூடிவிடுவார்கள். பாய்க்கு அது ஆகவே ஆகாது. "பந்தியில உக்காந்து மூக்குப்புடிக்கத் தின்னுட்டு, பக்கத்து எலைக்கு ஒரு தண்ணி கூட வெக்காம எந்திரிச்சு ஓடறதா?" என்று கேட்பார். அதனால் அவருடைய கம்ப்யூட்டர் இரவு பகலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அது சூடாகாமல் இருக்க, உடைத்துப்போட்ட லாரியொன்றின் கேபின் ஃபேனைக் கொண்டுவந்து எதிரே பொருத்தினார். ஒருமுறை படம் என்று பேர் போட்டுக்கொண்டு வேறு எதுவோ உள்ளே வந்து, திரையெல்லாம் இங்கிலீஷில் மிரட்டி, இருந்த பாட்டையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. பாய் அதற்கும் அசரவில்லை. ஆயிரம் பேர் கொடுக்கிற இடத்தில் ஒருத்தன் கல்லைப் போடத்தானே செய்வான் என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் வரை இணைய ஒயர் இழுக்கிற அறிவழகன் வந்து, "ஒங்க லைன்ல எந்நேரமும் என்னமோ வெளிய போயிக்கினே இருக்குது பாய்" என்று எச்சரித்துப் பார்த்தார். "போவட்டும் தம்பி!" என்றார் பாய், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர் மாதிரி பூரித்து.

எந்த ஃபோல்டரை எல்லாம் மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம் என்று அந்த மென்பொருள் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்கும். கேட்டது. வேறு யாராக இருந்தாலும் படம் இருக்கிற ஃபோல்டரை மட்டும் காட்டியிருப்பார்கள். நம் பாய், டி டிரைவ் மொத்தத்துக்கும் ஒரு டிக் போட்டுவிட்டார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் மறைத்தால் அது என்ன கொடுக்கல் என்பது அவர் கட்சி. அந்த டி டிரைவில் படம் இருந்தது, பாட்டு இருந்தது, அவருடைய சொந்தக் குரல் இருந்தது. கூடவே 'டிரைவர் அண்ணன்மார்' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது.

அது வேறு சங்கதி. கடையில் ஒரு ஸ்கேனரும் உண்டு. லைசென்ஸ், ஆதார் என்று டிரைவர்கள் காப்பி எடுக்க வருவார்கள். எடுத்ததோடு விடாமல் எல்லாவற்றையும் பாய் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். பாவம், எங்கேயாவது ஒரு செக்போஸ்ட்டில் பர்ஸைத் தொலைத்துவிட்டு நிற்கிறவன், போன் போட்டால் வாட்ஸப்பில் அனுப்பி வைக்கலாமே! அப்படி அனுப்பிக் காப்பாற்றியும் இருக்கிறார். அந்த ஸ்கேனர் கண்ணாடியில் எப்போதோ ஸ்பேனர் விழுந்து ஒரு கீறல். எந்தக் காப்பி எடுத்தாலும் வலது ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு சாய்ந்த கோடு விழும். முகத்தில் விழாததால் யாரும் கவனித்ததில்லை, பாயைத் தவிர. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஒரு காலை, ஏரியூர் தமிழ்ச்செல்வன் பஸ்ஸில் வந்து இறங்கினான். டிரைவர் பஸ்ஸில் வந்து இறங்கினால் எதுவோ சரியில்லை என்று அர்த்தம். அவனுடைய லாரிக்கு ஸ்பீக்கர் வைத்ததே பாய்தான். வந்தவன் பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

"பாய், லைசென்சு, ஆதாரு எல்லாம் பளிச்சுனு ரெண்டு ரெண்டு காப்பி வேணும். வக்கீலு கேக்கறாரு."

"வக்கீலா? என்னாப்பா ஆச்சு?"

அவன் சொன்னது இதுதான். தமிழ்ச்செல்வன் பேரில், தமிழ்ச்செல்வன் லைசென்ஸைக் காட்டி, எவனோ ஒரு சிம் கார்டு வாங்கியிருக்கிறான். அந்த நம்பரிலிருந்து பேசி, வடக்கே ஒரு ஊரில் யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றியிருக்கிறான். அந்த ஊர்ப் போலீஸ் இவனைக் கூப்பிட்டுக் கிளம்பி வரச் சொல்கிறது. வங்கிக் கணக்கை முடக்கியாயிற்று. கேள்விப்பட்ட லாரி ஓனர், விவகாரம் தீரட்டும் என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது பாய். எம் பொண்டாட்டி ராதிகா ரெண்டு நாளா வூட்ல சோறு கூட ஆக்கல. நான் வடக்க போனா என்னய உள்ள வெச்சிருவாங்கன்னு அழுவுறா. அவங்க பேசற பாஷையும் எனக்கு அரைகொறையாத்தான் புரியுது. ஏன்டா குடுத்தேங்கறாங்க. நான் யாருக்குங்க குடுத்தன்?" என்றவன், போலீஸ் அனுப்பிய படத்தை போனில் எடுத்துக் காட்டினான். சிம் வாங்கியவன் கொடுத்த லைசென்ஸ் காப்பி.

பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினார். வலது ஓரத்தில் ஒரு சாய்ந்த கோடு. எழுந்து போய் ஸ்கேனரின் மூடியைத் திறந்து, கண்ணாடியில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார். மறுபடி வந்து போனைப் பார்த்தார். அந்தக் கோடு அவருக்கு மட்டுமே தெரிந்த கோடு. வாயை மூடிக்கொண்டு, கேட்ட காப்பியை எடுத்துக் கொடுத்து, "தைரியமா இருப்பா" என்று அனுப்பிவைத்திருந்தால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது.

"தம்பி, இது எங்கிட்டருந்து போனதுப்பா" என்றார்.

"என்னா பாய் சொல்றீங்க?"

"அல்லா மேல ஆணையா நான் யாருக்கும் தரல. ஆனா இந்தக் கோடு என் மிசினு கோடு. எப்டிப் போச்சுன்னுதான் தெரியல. உக்காரு, அறிவழகன வரச் சொல்றன்."

அறிவழகன் லேப்டாப்போடு வந்தார். அதே மென்பொருளைத் தன் லேப்டாப்பில் திறந்து, தேடுகிற இடத்தில் 'லைசென்ஸ்' என்று இங்கிலீஷில் அடித்தார். பாயின் கம்ப்யூட்டர் அலமாரி மாதிரி விரியத் திறந்தது. வரிசையாக முகங்கள். ஏரியூர்க்காரர், நாமக்கல்காரர், கோலார்க்காரர், கர்னூல்காரர். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய அத்தனை லாரிகளின் டிரைவர்களும் அங்கே இருந்தார்கள். "இத நானும் பாக்கலாம், நைஜீரியாக்காரனும் பாக்கலாம்" என்றார் அறிவழகன். அவர் பேசி முடிப்பதற்குள் பாய் எழுந்து போய் இணைய ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பிளக்கோடு மோடம் பெட்டியும் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது.

"டி டிரைவு பூராவுமா டிக் போட்டீங்க? ஏன் பாய்?"

"குடுக்கறதுன்னு ஆனப்புறம் என்னப்பா ஒளிவு மறைவு..."

அறிவழகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடுத்தீங்க, சரி. எதக் குடுத்தீங்க? அந்தப் படம் எடுத்தவன் வூட்டு வாசல்ல போயிக் கேட்டீங்களா? அடுத்தவன் வூட்டு அரிசியில ஊருக்கே பந்தி போட்டிருக்கீங்க பாய்! இந்தப் புரோகிராமு மேல தப்பில்ல. எறக்கம் வருதுன்னு பேசி வெச்சிருக்கீங்களே, அது உங்க சொத்து, அத ஒலகத்துக்கே வாரி வுடுங்க, எவனும் கேக்கமாட்டான். மத்ததுக்கெல்லாம் கேசு இருக்குது. அதுலயும், எடுத்துட்டு மூடிட்டுப் போனவன் தப்பிச்சுக்குவான். நாள் பூரா நின்னு குடுத்துக்கினு இருந்தவனத்தான் மொதல்ல புடிப்பாங்க. ஜெயிலு கூட உண்டு."

பாய்க்கு இது விளங்க நேரம் பிடித்தது. தின்றுவிட்டு ஓடியவன் தப்பிப்பான், தண்ணீர் வைத்தவன் மாட்டுவான் என்றால் எந்த மனிதருக்குத்தான் சட்டென்று விளங்கும்? ஆனால் 'அடுத்தவன் வீட்டு அரிசி' என்றது மட்டும் சுருக்கென்று தைத்தது. டேப் வளையலைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்தப் பையனுக்கு இப்ப என்னா பண்ணலாம்?"

இதைப் போலீஸிடம் காட்டினால் தமிழ்ச்செல்வனுக்கு வழி உண்டு என்றார் அறிவழகன். லைசென்ஸ் எங்கிருந்து, எப்படி வெளியே போனது என்பதற்கு இந்தக் கம்ப்யூட்டரே சாட்சி. கீறலும் இருக்கிறது, டிக்கும் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால் உள்ளே இருக்கிற ஐந்நூறு சினிமாப் படமும் கூடவே போகும். படத்தை அழித்துவிட்டுப் போகலாமா என்றால், அழித்த தடம் தெரியும்; எதையோ மறைத்தான் என்று மொத்தமும் கெட்டுவிடும். "பேசாம எல்லாத்தயும் சுத்தமா ஃபார்மேட் அடிச்சிட்டு இருந்துக்கங்க பாய். ஒங்க கடை தப்பிக்கும். இல்ல, கொண்டுபோயே தீருவன்னா, எவனோ ஒரு டிரைவரு போட்டுட்டுப் போனான்னு சொல்லிருங்க. பொய்யும் இல்லியே? அவன்தானே போட்டான்!"

தமிழ்ச்செல்வனால் பாய்க்காகவும் பேச முடியாது, தனக்காகவும் பேச முடியாது. சாலையில் இறங்குகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஜான் பீ எல்லாவற்றையும் வாசலிலேயே நின்று கேட்டிருந்தார். "அப்ப கடைய இழுத்து மூடிட்டு ஜெயிலுக்குப் போறீங்களா?" என்றார். தமிழ்! அறிவழகனே இரண்டடி பின்னால் போய்விட்டார். "படம் குடுக்கறன், பாட்டு குடுக்கறன்னு ஆடுனீங்களே, இப்ப எந்தப் படம் வந்து நமக்குச் சோறு போடும்?" திட்டிக்கொண்டே வந்தவர் தமிழ்ச்செல்வன் முகத்தைப் பார்த்தார். "நீ சாப்டியா?" அவன் தலையாட்டிய விதத்தைப் பார்த்துவிட்டு, புருஷனுக்கு என்று கொண்டுவந்ததை முழுக்க அவன் முன்னால் வைத்தார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்தபடி நின்றார். அப்புறம் பாயிடம் திரும்பி, போகும்போது பெருநாளுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள் என்றார். அதை உருதில் சொன்னார்.

அன்று மாலை பாய் வேறு வேலை பார்க்கவில்லை. 'டிரைவர் அண்ணன்மார்' ஃபோல்டரில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். "அண்ணா, தப்பு பண்ணிட்டன். ஒங்க லைசென்சு, ஆதாரு எங்கிட்டருந்து வெளிய போயிருச்சு. ஒங்க பேர்ல யாராவது சிம்மு வாங்கியிருக்கானான்னு கடையில போயிப் பாத்துருங்க." நாமக்கல்காரர் ஒருவர் காதில் வைத்துக் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் சொன்னார். "திட்டுங்க, திட்டிட்டுப் போயிப் பாருங்க" என்றார் பாய். கர்னூல்காரர் மட்டும் சிரித்தார்: "என் மூஞ்சிய எடுத்துட்டுப் போயி அவன் என்னா பாய் பண்ணுவான்? என் பொண்டாட்டிக்கே புடிக்கல!" அவரிடமும் விடாமல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தார். பேசிப் பேசித் தொண்டை கட்டி, கடைசிக் கடைசியாகப் பேசியவர்களுக்கு யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, அறிவழகனின் பைக்கில் கட்டி, தர்மபுரிக்குப் போனார்கள். தமிழ்ச்செல்வன் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். சைபர் குற்றப் பிரிவில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். வயது முப்பதுக்குள் இருக்கும். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பெட்டியைத் தன் மேஜை மானிட்டரில் இணைத்து, தமிழ்ச்செல்வன் லைசென்ஸைப் பார்த்தார், போனில் வந்த படத்தைப் பார்த்தார், கோட்டை இரண்டிலும் அளந்து பார்த்தார். டி டிரைவில் இருந்த டிக்கையும் பார்த்தார்.

"இது ஒதவும்" என்றார் தமிழ்ச்செல்வனிடம். "நீங்க குடுக்கல, இங்கருந்து கசிஞ்சிருக்குதுன்னு அந்த ஊர்ப் போலீசுக்கு நான் எழுதறேன். இங்கயே வாக்குமூலம் வாங்கிக்கச் சொல்லிக் கேப்போம்." தமிழ்ச்செல்வன் எழுந்து நின்று கும்பிட்டான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அறிவழகன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"ஆனா அவங்க ஒண்ணு கேப்பாங்க பாய்" என்றார் அந்த அம்மாள். "லைசென்ஸ் காப்பி எடுக்கற ஒரு கடையில இந்தப் புரோகிராமுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. காப்பிய விக்கறதுக்குன்னே வெச்சிருந்தாங்க, இந்தப் பையனும் கூட்டுன்னு ஒரே வரியில அடிச்சிருவாங்க. அதுக்கு நான் பதில் எழுதணும். சொல்லுங்க. இத யாரு போட்டது? எதுக்கு?"

மேஜைக்குக் கீழே அறிவழகனின் கால் பாயின் காலை அழுத்தியது. சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. எவனோ ஒரு டிரைவர். பாய் ஒருதரம் தமிழ்ச்செல்வனைப் பார்த்தார். அவன் இரண்டு கையையும் முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நான்தாங்க. ஊருக்கெல்லாம் சினிமா குடுக்கத்தான் வெச்சிருந்தன்" என்றார் பாய். எழுந்துபோய், சினிமாப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்து, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒன்று விடாமல் மெதுவாக இறக்கிக் காட்டினார். பிறகு மவுஸைச் சட்டை நுனியால் துடைத்து, அந்த அம்மாளின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, மானிட்டரை அவர் பக்கமாக முழுக்கத் திருப்பிவைத்தார்.